வரும், வரும் என்றார்கள். வர 14 ஆண்டு ஆயிற்று!

ஒரு கடைக்காரர் புதுச் சரக்கு வருகிறது என்று ஊர் முழுக்கத் தமுக்கு அடிக்கிறார். ஜனங்களும் ஆசையோடு காத்திருக்கிறார்கள். 14 ஆண்டு கழித்து அந்தச் சரக்கு கடைக்கு வந்தால் எப்படி இருக்கும்?

அமெரிக்க நாட்டில் அப்படியே நடந்தது.

சரக்கு, ஒரு வீடியோ கேம். அதன் பெயர் "டியூக் நியூகம் பாரெவர்". 1997-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அதை அறிவித்தார்கள். அது கடைக்கு வந்தது 2011-ம் ஆண்டு ஜூன் மாதம்.

அறிவிப்பு வந்த அன்று ஒன்றாம் வகுப்பில் படித்த பையன், விளையாட்டு வந்த அன்று கல்லூரி மாணவன் ஆகிவிட்டான்!

வீடியோ கேம் தொழிலில் சொன்ன நாளுக்கு வராத விளையாட்டுகள் ஏராளம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் "அந்த கேம் எப்போது வரும்?" என்று செல்போனைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். "இப்போதே பணம் கட்டிவிடலாமா, அப்பா?" என்றும் கேட்கிறார்கள். பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிவதில்லை.

விளையாட்டு ஏன் தாமதம் ஆகிறது? தாமதம் செய்வது குற்றமா? வருமுன் பணம் கட்டலாமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் இந்த வாரம் பதில் காண்போம்.

டியூக்கின் கதை

டெக்சாஸ் மாகாணத்தில் டல்லாஸ் நகருக்குப் பக்கத்தில் கார்லண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே "திரீ-டி ரெல்ம்ஸ்" என்ற கம்பெனி இருந்தது. அதை நடத்தியவர்கள் இருவர். ஒருவர் ஸ்காட் மில்லர். மற்றவர் ஜார்ஜ் புரூசார்டு.

1996-ம் ஆண்டு இந்தக் கம்பெனி "டியூக் நியூகம் திரீ-டி" என்ற விளையாட்டை வெளியிட்டது. துப்பாக்கி ஏந்திய ஒரு முரட்டு வீரன், பூமியைப் பிடிக்க வரும் வேற்றுக்கிரக வாசிகளை விரட்டுவதுதான் கதை. பெரியவர்களுக்கான விளையாட்டு. அது சக்கைப்போடு போட்டது. பணம் கொட்டியது.

உடனே அடுத்த பாகத்தை அறிவித்தார்கள். அதுதான் "டியூக் நியூகம் பாரெவர்". 1998-ம் ஆண்டுக்குள் வந்துவிடும் என்று சொன்னார்கள்.

1998-ம் ஆண்டு மே மாதம் ஒரு கண்காட்சியில் அதன் காட்சிகளைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அடுத்த மாதமே கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. "விளையாட்டின் என்ஜினை மாற்றப் போகிறோம்!"

என்ஜின் என்றால் என்ன? கட்டடத்துக்கு அஸ்திவாரம் எப்படியோ, வீடியோ கேமுக்கு என்ஜின் அப்படி. படம் எப்படித் தெரிய வேண்டும், சுவரில் மோதினால் என்ன ஆக வேண்டும், வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதை எல்லாம் அதுதான் கவனித்துக்கொள்ளும். முதலில் "குவேக்-2" என்ற விளையாட்டின் என்ஜினை விலைக்கு வாங்கி வேலையைத் தொடங்கினார்கள். பிறகு "அன்ரியல்" என்ற என்ஜின் அதைவிட நன்றாக இருக்கிறது என்று அதற்குத் தாவினார்கள். பாதி எழும்பிய வீட்டை இடித்துவிட்டு, புது அஸ்திவாரம் தோண்டிய கதைதான்!

அதோடு நின்றதா? இல்லை. கம்ப்யூட்டர்கள் ஆண்டுக்கு ஆண்டு வேகம் பெற்றன. மற்றக் கம்பெனிகளின் விளையாட்டுகள் மேலும் மேலும் அழகாக வந்தன. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, "இது நம் விளையாட்டிலும் இருக்க வேண்டும்" என்ற ஆசை புரூசார்டுக்கு வந்தது. செய்ததைக் கலைத்தார்கள். மறுபடி செய்தார்கள். அதற்குள் இன்னொரு புதுமை வந்துவிட்டது.

ஓடுகிற வண்டியை எட்டிப் பிடிக்க ஓடினார்கள். வண்டி நிற்கவே இல்லை.

"முடியும்போது முடியும்!"

"எப்போதுதான் வரும்?" என்று கேட்டவர்களுக்குக் கம்பெனி ஒரே பதிலைச் சொல்லிவந்தது. "முடியும்போது முடியும்" என்பதே அந்தப் பதில்.

2001-ம் ஆண்டு மறுபடி ஒரு காட்சிப்படம் வந்தது. மறுபடி ஆரவாரம். மறுபடி மௌனம். "ஒயர்ட்" என்ற அமெரிக்கப் பத்திரிகை, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத பொருள்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கேலிப் பட்டம் கொடுத்து வந்தது. டியூக்குக்கு அந்தப் பட்டம் திரும்பத் திரும்பக் கிடைத்தது. கடைசியில் "வாழ்நாள் சாதனை" விருதையே கொடுத்துவிட்டார்கள்!

இதில் வேடிக்கை மட்டும் இல்லை. வேதனையும் இருக்கிறது.

மற்றக் கம்பெனிகள் ஒரு பெரிய விளையாட்டுக்கு 50 பேர், 100 பேர் என்று அமர்த்திக்கொண்ட காலம் அது. 2003-ம் ஆண்டு வாக்கில் டியூக்குக்கு முழு நேரமாக வேலை செய்தவர்கள் 18 பேர்தான். அவர்களுக்குச் சம்பளமும் அதிகம் இல்லை. "விளையாட்டு வெளிவரட்டும். லாபத்தில் பங்கு தருகிறோம்" என்பது ஏற்பாடு. விளையாட்டு வந்தால்தானே லாபம்? லாபம் வந்தால்தானே பங்கு? இளமையைக் கொடுத்து உழைத்த பலர், முடிவு தெரியாமல் விலகிப் போனார்கள்.

2009-ம் ஆண்டு மே மாதம் கம்பெனியில் பணம் தீர்ந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பெனி தன் சொந்தப் பணத்தில் 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருந்தது. வெளியிடும் உரிமை பெற்றிருந்த "டேக்-டூ" நிறுவனம் கோர்ட்டில் வழக்குப் போட்டது.

வேலை போன சிலர், விளையாட்டைக் கைவிட மனம் இல்லாமல், தங்கள் வீடுகளில் இருந்தபடியே வேலையைத் தொடர்ந்தார்கள். 2010-ம் ஆண்டு "கியர்பாக்ஸ்" என்ற கம்பெனி அதைக் கையில் எடுத்தது. மறு ஆண்டு விளையாட்டு வந்தேவிட்டது.

எப்படி இருந்தது?

"இதற்கா இத்தனை ஆண்டு?" என்று கேட்டார்கள், விளையாடியவர்கள். பல காலத்து யோசனைகளை ஒட்டுப்போட்டு தைத்த சட்டை போல இருந்தது அது. 1996-ல் சிரிப்பு மூட்டிய நகைச்சுவை, 2011-ல் சலிப்பு மூட்டியது. பத்திரிகைகள் கிழித்துப் போட்டன.

நாள் குறிக்க முடியாதது ஏன்?

"வீடு கட்டுகிறவர் நாள் சொல்கிறார். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறோம். விளையாட்டுக்கு மட்டும் ஏன் முடியாது?" என்று நீங்கள் கேட்கலாம்.

நல்ல கேள்வி.

பெரிய வீடியோ கேம் ஒன்றைச் செய்ய நூற்றுக்கணக்கான பேர் வேண்டும். படம் வரைகிறவர், கதை எழுதுகிறவர், பாட்டு அமைக்கிறவர், குரல் கொடுக்கிறவர், கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர், தப்பு கண்டுபிடிக்கிறவர் என்று பட்டியல் நீளும். ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவர் வேலையைக் கலைக்கும். கதவின் அளவை மாற்றினால், அதன் வழியே நுழைகிற வீரன் சிக்கிக்கொள்வான். அவனைச் சரிசெய்தால், குதிரை சிக்கிக்கொள்ளும்!

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. விளையாட்டு சுவையாக இருக்குமா என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. செய்து, விளையாடிப் பார்த்தால்தான் தெரியும். மைசூர்பாகு கிளறுகிற அம்மாளைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லமாட்டார். பதம் வந்ததும் இறக்குவார். சில சமயம் இரண்டு ஆண்டு செய்த பிறகு, "பதம் வரவில்லை" என்று தெரியவரும். அப்போது கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

ஆகவே தாமதத்தைப் பார்த்ததும் "ஏமாற்று" என்று சொல்லிவிடக் கூடாது.

அவசரத்தின் விலை

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது.

1982-ம் ஆண்டு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த "ஈ.டி." என்ற சினிமா உலகம் எங்கும் ஓடியது. அதை வீடியோ கேமாகச் செய்யும் உரிமையை "அடாரி" கம்பெனி பெருந்தொகை கொடுத்து வாங்கியது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் கடைக்கு வரவேண்டும் என்று கட்டளை பிறந்தது.

அதைச் செய்யும் பொறுப்பு ஹோவர்டு ஸ்காட் வார்ஷா என்பவருக்குக் கிடைத்தது. சாதாரணமாக ஒரு விளையாட்டுக்குப் பல மாதம் எடுத்துக்கொள்வார்கள். வார்ஷாவுக்குக் கொடுத்தது 5 வாரம்!

அவர் இரவு பகலாக உழைத்துச் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தார். விளையாட்டு பண்டிகைக்கு வந்தது. ஆனால் விளையாடிய பிள்ளைகள் குழம்பினார்கள். கதாநாயகன் அடிக்கடி பள்ளத்தில் விழுந்தான். ஏறி வருவதும் விழுவதுமே வேலையாக இருந்தது. வாங்கிய பலர் திருப்பிக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான பெட்டிகள் தேங்கின.

1983-ம் ஆண்டு அடாரி கம்பெனி, நியூமெக்சிகோ மாகாணத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பை மேட்டில், விற்காத சரக்கை லாரி லாரியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது. "இது உண்மையா, கட்டுக்கதையா?" என்று 30 ஆண்டு பேசிக்கொண்டார்கள். 2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தோண்டிப் பார்த்தார்கள். மண்ணுக்குள் இருந்து "ஈ.டி." பெட்டிகள் வெளியே வந்தன!

அந்த ஒரு விளையாட்டால் மட்டும் அடாரி வீழ்ந்தது என்று சொல்ல முடியாது. அந்த நாளில் மட்டமான விளையாட்டுகள் கடைகளில் குவிந்துகிடந்தன. ஜனங்கள் நம்பிக்கை இழந்தார்கள். ஆனால் அவசரத்துக்கு அடையாளமாக இன்றும் எல்லாரும் சொல்வது "ஈ.டி." கதையைத்தான்.

5 வாரத்தில் செய்ததும் தோற்றது. 14 ஆண்டு செய்ததும் தோற்றது. அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது?

காத்திருந்தது வீண் போகவில்லை

தாமதமாக வந்து ஜெயித்த விளையாட்டுகளைப் பார்த்தால் அது விளங்கும்.

ஜப்பான் நாட்டு "நின்டெண்டோ" கம்பெனியின் "செல்டா" என்ற தொடர் 1986-ம் ஆண்டு தொடங்கியது. அதில் "ஒகரினா ஆப் டைம்" என்ற பாகத்தை 1997-ம் ஆண்டு எதிர்பார்த்தார்கள். வந்தது 1998 நவம்பரில். தாமதமானதை யாரும் இன்று நினைப்பது இல்லை. இதுவரை வந்த வீடியோ கேம்களில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள்.

அதே கம்பெனி 2017-ம் ஆண்டு "மெட்ராய்ட் பிரைம்-4" என்ற விளையாட்டை அறிவித்தது. 2019 ஜனவரியில் கம்பெனியின் அதிகாரி ஷின்யா தகாஹாஷி ஒரு வீடியோவில் தோன்றினார். விளையாட்டு தாங்கள் எதிர்பார்த்த தரத்தில் இல்லை என்றும், வேறொரு குழுவைக் கொண்டு தொடக்கத்திலிருந்து மறுபடி செய்யப் போவதாகவும் சொன்னார். காத்திருந்தவர்களிடம் மன்னிப்பும் கேட்டார்.

ரசிகர்களுக்கு வருத்தம்தான். ஆனால் கோபம் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னதே காரணம். அந்த விளையாட்டு 2025 டிசம்பர் 4-ந் தேதி வெளிவந்தது.

இன்னொரு கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. அடிலெய்டு நகரில் "டீம் செர்ரி" என்று ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். 2014-ம் ஆண்டு ஜனங்களிடம் இன்டர்நெட் மூலம் சிறு தொகை வசூலித்து, "ஹாலோ நைட்" என்ற விளையாட்டைச் செய்தார்கள். பூச்சிகள் வாழும் பாதாள ராஜ்யம் ஒன்றில் ஒரு குட்டி வீரன் நடத்தும் போராட்டம் அது. 2017-ல் வெளிவந்து பெரிய வெற்றி பெற்றது.

பணம் கொடுத்தவர்களுக்கு, "இன்னொரு கதாபாத்திரத்தையும் சேர்த்துத் தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதைச் செய்யச் செய்ய, அது தனி விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. "சில்க்சாங்" என்று பெயர் வைத்து 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். வாக்குப் பெற்றவர்களுக்கு அதை இலவசமாகவே தருவதாகவும் சொன்னார்கள்.

பிறகு ஆண்டுகள் ஓடின. ரசிகர்கள் தவியாய்த் தவித்தார்கள். நடுவில் ஒரு தவணை சொல்லி அதுவும் தவறியது. 2025 ஆகஸ்டு 21-ந் தேதி கம்பெனி வாய் திறந்தது. "செப்டம்பர் 4-ந் தேதி வருகிறது" என்றது. இரண்டே வாரம்! சொன்ன நாளில் வந்தது. அன்று வாங்க முண்டியடித்த கூட்டத்தில் இன்டர்நெட் கடைகள் சில, சிறிது நேரம் முடங்கிப் போயின.

"ஆறரை ஆண்டு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டதற்கு, தாங்கள் எங்கும் சிக்கிக்கொள்ளவில்லை என்றும், மகிழ்ச்சியாக வேலை செய்துகொண்டிருந்ததாகவும் சொன்னார்கள்.

டியூக்கும் தாமதம், சில்க்சாங்கும் தாமதம். ஆனால் டியூக்கைச் செய்தவர்கள் மற்றவர் பண்டத்தைப் பார்த்துத் தங்கள் பண்டத்தைக் கலைத்துக்கொண்டே இருந்தார்கள். "போதும், இதுதான் நம் விளையாட்டு" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. கையில் பணம் இருந்ததால் கேட்பாரும் இல்லை. சில்க்சாங்கைச் செய்தவர்களுக்குத் தாங்கள் செய்வது என்ன என்பது தெரிந்திருந்தது. வளர்ந்தது, அதே செடிதான்.

நாள் குறித்ததால் வந்த வினை

"அப்படியானால் சொன்ன நாளில் எப்படியாவது தர முயல்கிறவர்கள் நல்லவர்கள்தானே?" என்று கேட்கலாம். அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது.

போலந்து நாட்டில் வார்சா நகரில் "சிடி புரொஜெக்ட்" என்ற கம்பெனி இருக்கிறது. "சைபர்பங்க் 2077" என்ற விளையாட்டை அது 2012-ம் ஆண்டு அறிவித்தது. 2020 ஏப்ரல் 16-ந் தேதி வெளியீடு என்று நாள் குறித்தார்கள். அது செப்டம்பர் 17 ஆயிற்று. பிறகு நவம்பர் 19 ஆயிற்று. கடைசியில் டிசம்பர் 10-ந் தேதி வந்தது.

இதற்குள் 80 லட்சம் பேர் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள்!

நாள் நெருங்க நெருங்க, உள்ளே வேலை செய்தவர்கள் பாடு திண்டாட்டம் ஆயிற்று. ஊழியர்களைக் கட்டாய மிகைநேர வேலை செய்யச் சொல்லமாட்டோம் என்று முன்பு சொன்ன கம்பெனி, அந்த ஆண்டு செப்டம்பரில் வாரத்துக்கு 6 நாள் வேலை என்று உத்தரவு போட்டது. அதற்குத் தனிச் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் பணம் கொடுத்தால் தூக்கம் திரும்பி வருமா? பிள்ளையின் பிறந்தநாள் திரும்பி வருமா? வீடியோ கேம் தொழிலில் இந்தக் கடைசி நேர ஓட்டத்துக்கு "கிரஞ்சு" என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு சாதாரணம் ஆகிவிட்டது.

இத்தனை பாடுபட்டும் விளையாட்டு சரியாக வந்ததா? இல்லை. பழைய மாடல் "பிளேஸ்டேஷன்-4" பெட்டியில் அது திக்கித் திணறியது. நடுவில் நின்றுபோயிற்று. ஒரே வாரத்தில் சோனி கம்பெனி தன் இன்டர்நெட் கடையில் இருந்து அதை எடுத்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தந்தது. மறு மாதம் கம்பெனியின் தலைவர்களில் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டார்.

பிறகு கம்பெனி ஓடிப்போய்விடவில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்துக் குறைகளைத் திருத்தியது. 2023 செப்டம்பரில் பெரிய திருத்தம் ஒன்றை வெளியிட்டது. இன்று அதை நல்ல விளையாட்டு என்று பாராட்டுகிறார்கள். அது பெருமைதான். ஆனால் முதல் நாளே பணம் கொடுத்தவர், வேகாத சோற்றுக்குக் காசு கொடுத்தவர்தானே?

இதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019-ம் ஆண்டு நின்டெண்டோ, "அனிமல் கிராசிங்" என்ற விளையாட்டை அடுத்த ஆண்டு மார்ச்சுக்குத் தள்ளிவைத்தது. ஊழியர்கள் வேலைக்கும் வாழ்க்கைக்கும் நேரம் ஒதுக்க முடிய வேண்டும் என்று கம்பெனியின் அமெரிக்கக் கிளைத் தலைவர் காரணம் சொன்னார். சில மாதம் தள்ளி வந்த அந்த விளையாட்டு, கோடிக்கணக்கில் விற்றது.

பழைய பெயர், புது ஆசை

"இவ்வளவு நாள் ஜனங்கள் ஏன் காத்திருக்கிறார்கள்? வேறு விளையாட்டே இல்லையா?" என்று கேட்கலாம்.

அதற்குக் காரணம், பெயர்.

மாரியோ என்ற மீசைக்காரர் 1981-ம் ஆண்டு முதன்முதலில் திரையில் குதித்தார். இன்னும் குதித்துக்கொண்டிருக்கிறார். "டிராகன் குவெஸ்ட்" 1986-ம் ஆண்டு ஜப்பானில் பிறந்தது. "பைனல் பேன்டசி" 1987-ம் ஆண்டு வந்தது. அன்று அவற்றை விளையாடிய சிறுவர்கள் இன்று தகப்பன்மார். தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து அடுத்த பாகத்தை விளையாடுகிறார்கள். ஊரில் மூன்று தலைமுறையாக ஒரே கடையில் நகை வாங்குகிற குடும்பங்கள் இல்லையா? அதே போலத்தான்.

அந்தப் பெயர், கம்பெனிக்கு மூலதனம். அதனால்தான் சில கம்பெனிகள் அவசரப்படப் பயப்படுகின்றன. "கிராண்டு தெப்ட் ஆட்டோ" என்ற தொடர் 1997-ம் ஆண்டு தொடங்கியது. அதன் 5-ம் பாகம் 2013-ம் ஆண்டு வந்து, 20 கோடிக்கு மேல் விற்றது. 6-ம் பாகத்தின் முதல் காட்சிப்படம் 2023 டிசம்பரில் வந்தது. 2025-ல் வெளியீடு என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். 2025 நவம்பரில் மறுபடி தள்ளி, 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள்.

பெயருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெயரைக் கேட்டதும், பண்டத்தைப் பார்க்காமலே கை பையைத் தொடுகிறது. அங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும்.

வருமுன் பணம் கட்டலாமா?

2012-ம் ஆண்டு கிறிஸ் ராபர்ட்ஸ் என்பவர் "ஸ்டார் சிட்டிசன்" என்ற விண்வெளி விளையாட்டை அறிவித்தார். 2014-ல் தருவதாகச் சொல்லி, ஜனங்களிடமே பணம் கேட்டார். கொடுத்தார்கள். கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இதுவரை சேர்ந்த தொகை 70 கோடி டாலருக்கு மேல்! அரைகுறையாகச் செய்த பகுதிகளைப் பணம் கொடுத்தவர்கள் விளையாடலாம். ஆனால் 2025-ம் ஆண்டு முடியும் வரை முழு விளையாட்டு வெளிவரவில்லை.

அதில் மகிழ்ச்சி அடைகிறவர்களும் இருக்கிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பணம் வந்துகொண்டே இருந்தால், முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி யாருக்கு இருக்கும்? டியூக்கின் கதையிலும் அதுதானே நடந்தது?

முன்பெல்லாம் விளையாட்டு பெட்டியில் வந்தது. குறைந்த எண்ணிக்கையில்தான் கடைக்கு வரும். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் நமக்கு ஒன்றை எடுத்துவைப்பார்கள். அதில் நியாயம் இருந்தது. இன்று பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகவே இறக்கிக்கொள்கிறோம். அங்கே சரக்கு தீர்ந்துபோவது என்பதே கிடையாது. லட்சம் பேர் வாங்கினாலும் அடுத்தவருக்கு இருக்கும். பிறகு எதற்கு முன்பணம்?

நாம் சொல்வது

கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை.

தாமதம் செய்யுங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பதறாத காரியம் சிதறாது. ஆனால் பண்டம் பதம் பார்க்கும் நிலைக்கு வருமுன் தமுக்கு அடிக்காதீர்கள். நாள் தவறினால், காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். சொன்ன நாளைக் காப்பாற்ற வேலைக்காரர்களின் உறக்கத்தைப் பிடுங்காதீர்கள். நீங்கள் தவறாகக் குறித்த நாளுக்கு அவர்கள் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை.

பிள்ளை கேட்கிறது என்று வராத விளையாட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். வந்து இரண்டு வாரம் ஆகட்டும். விளையாடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். நம் வீட்டில் உள்ள பெட்டியில், நம் கம்ப்யூட்டரில் அது ஓடுமா என்று பாருங்கள். குறைகள் திருத்தப்பட்டிருக்கும். பல சமயம் விலையும் இறங்கியிருக்கும்.

வாங்கும் கடையின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். "ஸ்டீம்" என்ற இன்டர்நெட் கடையில், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எல்லாக் கடைகளிலும் இந்த வசதி இல்லை.

வயதுக் குறியையும் பாருங்கள். டியூக், சைபர்பங்க், கிராண்டு தெப்ட் ஆட்டோ ஆகிய மூன்றும் பெரியவர்களுக்காகச் செய்தவை. அமெரிக்க முத்திரையில் "எம்" என்றும், ஐரோப்பிய முத்திரையில் "18" என்றும் போட்டிருந்தால், அது சிறு பிள்ளைகளுக்கு அல்ல. "எல்லாரும் விளையாடுகிறார்கள்" என்பது அனுமதிச் சீட்டு ஆகாது.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வராத விளையாட்டுக்காக அதைச் செய்கிறவர்களைத் திட்டி எழுதாதீர்கள். சிலர் கொலைமிரட்டல் கூட விடுத்திருக்கிறார்கள். சைபர்பங்கைத் தள்ளிவைத்தபோதும் அது நடந்தது. அந்தப் பக்கம் இருப்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். அவர் நாளைக் குறிக்கவில்லை. வேலையைத்தான் செய்கிறார்.

காத்திருக்கும் நேரத்தில் வெளியே போய்ப் பந்து விளையாடலாம். வீட்டில் இருக்கும் பழைய விளையாட்டையே மறுபடி ஆடலாம். நல்ல விளையாட்டு, வந்த அன்று எப்படியோ அப்படியே ஓர் ஆண்டு கழித்தும் இருக்கும். பணம் மட்டும், போனால் போனதுதான்.

பண்டம் வரட்டும். பார்ப்போம். பிறகு பணம் கொடுப்போம்.